ப்ளக்குக்கு நெற்றி எது

1. நன்றாக ஓடிவந்த வண்டி

கயிறு கட்டி இழுத்து வரப்படும் வண்டியைப் பார்த்துப் பட்டறைக்காரன் பயப்படுவதில்லை. எங்கோ ஒன்று உடைந்திருக்கும், தேடினால் கிடைத்துவிடும். ஆனால் ஜம்மென்று ஓடிவந்து நிற்கிற வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி, "வண்டி ஓடவே மாட்டேங்கு" என்று சொன்னால்தான் பயம்.

கோமதிநாயகம் அண்ணனின் பிக்கப் போன ஆவணியில் அப்படித்தான் வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

"கேளுங்க அண்ணாச்சி, தையல் மிஷின் கணக்கா ஓடுதா? செங்கோட்டையைத் தாண்டட்டும், சவம் இரும ஆரம்பிச்சிரும். ஆரியங்காவு ஏத்தத்துல ஒரு இழுப்பு இழுக்கும், ஒரு குலுக்கு குலுக்கும். பின்னால வாரவன்லாம் ஹாரன் அடிச்சே காதைப் பிச்சி எடுக்கான்."

பட்டறை முதலாளி செல்லத்துரை அண்ணாச்சி ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்தே பதில் வந்தது.

"வே, இங்கன நல்லா ஓடுத வண்டியில நான் என்னத்தவே பாக்க? செங்கோட்டையில ஒரு பட்டறையைப் பாரும்."

"அங்கனயும் பாத்தாச்சு அண்ணாச்சி. அவன் உம்ம ஊருக்கே போயி பாரும்ங்கான்."

"அப்ப ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு பட்டறை போட்டாத்தான் உமக்கு விடியும்."

சிரித்தபடி அண்ணாச்சி வெளியே வந்தார். கோமதி அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு அது சிரிக்கிற நேரமில்லை என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டிலிருந்து புனலூருக்குப் பூ கொண்டுபோவதுதான் அவருடைய பிழைப்பு. ஓணம் நெருங்கினால் கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாகப் போகும். பிச்சியும் மல்லியும் கூடையில் போகும். மதியம் ஏற்றினால் பொழுது சாய்வதற்குள் இறக்கியாக வேண்டும். ஏற்றத்தில் நின்று நின்று போனால் கூடைக்குள்ளேயே பூ வெந்துவிடும். அந்த மாதத்தில் இரண்டு நடை அப்படிப் போயிருந்தது. பூவை அனுப்பும் கடையநல்லூர் காதர் பாய் அன்று காலையில் அவரை அழைத்துச் சொன்னதை கோமதி அண்ணன் எங்களிடம் அப்படியே சொல்லிக்காட்டினார்.

"'கோமதி, உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. உன் வண்டிதான் என்னைக் கெடுக்கு. நாளைக்கு ஒரு நடை தாரேன். அதுலயும் பூ வாடி எறங்குச்சின்னா, பொறவு டீசல் வண்டிக்காரன்ட்ட விட்ருவேன். மனசுல வச்சிக்கிடாத'ன்னுட்டாரு. அந்த மனுசன் சத்தம் போட்டிருந்தாக் கூடத் தேவலை. தன்மையாச் சொல்லுதாரு பாத்துக்கிடுங்க, அதுதான் பயமா இருக்கு."

நாளை மதியம் ஒரு மணிக்கு லோடு. அவருடைய கேரளா நடை நிற்குமா போகுமா என்பது அந்த ஒரு பயணத்தில் இருந்தது.

"ஏலே டிப்ளமா, நீ பாரு" என்றார் அண்ணாச்சி.

டிப்ளமா என்பது நான்தான். கரிவலத்துக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு நேராக இந்தப் பட்டறைக்கு வந்தேன். பட்டறையில் அச்சடித்து எது வந்தாலும், மருந்துச் சீட்டாக இருந்தாலும், ஆயில் டப்பாவின் மேலட்டையாக இருந்தாலும், "டிப்ளமாட்ட குடு" என்பார்கள். அந்தப் பெயரில் கேலியும் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு. இதை எழுதுவது ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்துப் பட்டறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக. பழைய வண்டிக்கு ப்ளக் எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி மாற்றுவது என்று பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. அது எனக்கு இந்த வண்டியில்தான் தெரிந்தது.

2. சாக்குத் துணி மேல் நான்கு ப்ளக்

அந்த பிக்கப் பழைய பெட்ரோல் வண்டி. நான்கு சிலிண்டர். பிறகு சிஎன்ஜி கேஸ் கிட் போட்டது. ஸ்டார்ட் செய்வது பெட்ரோலில், ஓடுவது கேஸில். பெட்ரோலோ கேஸோ, சிலிண்டருக்குள் காற்றோடு கலந்து வந்து நிற்கும். அதைப் பற்றவைக்கும் பொறியைப் போடுவது ப்ளக். கேஸைப் பற்றவைக்க பெட்ரோலைவிட வலுவான கரண்ட் வேண்டும். அதனால் கேஸ் வண்டியில் ப்ளக்குக்கு வேலை அதிகம். ஒரு சின்னக் குறை இருந்தாலும் பெட்ரோலில் மறைந்துவிடும், கேஸில் காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சின் சூடாக இருந்தது. சூட்டில் ப்ளக்கைக் கழற்றக் கூடாது. ப்ளக் உட்காரும் எஞ்சின் ஹெட் அலுமினியம். மரை உரிந்தால் ப்ளக் மாற்ற வந்த வேலை ஹெட்டை இறக்கும் வேலையாகிவிடும். ஆறும்வரை கோமதி அண்ணன் பட்டறைக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஆறிய பிறகு முதலில் ஏர் அடித்தேன். ப்ளக்கைச் சுற்றியுள்ள குழியில் மண்ணும் தூசியும் சேர்ந்திருக்கும். ஊதாமல் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். பிறகு கரண்ட் வரும் வயரைப் பிடித்து இழுக்காமல், அதன் நுனியில் ப்ளக்கை மூடியிருக்கும் ரப்பர் கேப்பைப் பிடித்து, கொஞ்சம் திருகி எடுக்க வேண்டும். ஒரு வயர், ஒரு ப்ளக் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் வயர் இடம் மாறாது. நான் நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் வயர்களுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றி, சாக்குத் துணி மேல் வரிசையாக வைத்தேன்.

எங்கள் அப்பா ஆடு வாங்கும்போது முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நாங்கள் ப்ளக்கின் நுனியைப் பார்க்கிறோம். நுனி காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகம். கருப்பாகப் புகை பிடித்திருந்தால் எரிபொருள் அதிகம், இல்லையென்றால் பொறி போதவில்லை. எண்ணெய் வழிந்தால் உள்ளே தேய்மானம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் ப்ளக் அதிகச் சூடு வாங்குகிறது.

நான்கு நுனியும் வெளுத்திருந்தது. பொறி தாவுகிற இடைவெளியும் கூடியிருந்தது. புதுசாக மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றார் அண்ணன்.

"யாருண்ணே மாட்டுனா?"

"நாந்தான். ப்ளக் மாட்டுததுக்கு ஒரு ஆளாக்கும்? கடையில வாங்குவேன், வீட்டு வாசல்ல வச்சி மாட்டிருவேன். ஆடித்தபசுக்கு மறுநாள் ஒருக்கா மாத்துனேன். அது சரியில்லைன்னு பொறவும் ஒருக்கா மாத்திட்டேன்."

ஒன்றை மட்டும் அப்போது கண்ணால் பார்த்தேன், மனதில் வாங்கவில்லை. ப்ளக்கின் மேல்பாதி வெள்ளைப் பீங்கான். கரண்ட் வெளியே தாவிவிடாமல் காப்பது அதுதான். அந்தப் பீங்கானில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. ஓடிய ப்ளக்கில், இரும்பும் பீங்கானும் சேருகிற இடத்தில் பழுப்பு வளையம் விழுவது சகஜம். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று பாடத்திலேயே இருக்கிறது. அந்தக் கறையாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். செங்கோட்டைப் பட்டறைக்காரரும் அப்படித்தான் விட்டிருப்பார். வளையம் என்றால் சுற்றிலும் இருக்கும். இது ஒரு பக்கம் மட்டும் இருந்தது.

3. சூடு, குளிர்ச்சி

ப்ளக் வாங்க நானே ஸ்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்பதற்கு முன்பே ஒரு பெட்டியை எடுத்துப் போட்டார்.

"அந்த வண்டிக்கு எல்லாரும் இதைத்தான் வாங்குதாவ."

"இது பெட்ரோலுக்குச் சரிண்ணே. கேஸுக்கு ஒரு படி கோல்டு ப்ளக் வேணும்."

"சூடா, ஆறுனதா? வடையாலே வாங்க வந்திருக்கே?"

கேலிதான், ஆனாலும் தேடி எடுத்துக் கொடுத்தார். எரிகிற சூட்டைச் சீக்கிரம் எஞ்சினுக்குக் கடத்திவிடுகிற ப்ளக் கோல்டு. மெதுவாகக் கடத்துவது ஹாட். கேஸ் சூடாக எரியும், அதனால் ஒரு படி கோல்டு. இரண்டு மூன்று படி இறக்கிவிடவும் கூடாது. நுனி போதிய சூடாகாமல் புகை பிடித்துவிடும். மரையின் நீளமும் குறுக்களவும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீளம் கூடினால் பிஸ்டன் போய் முட்டும். விலை கூடினால் நல்ல ப்ளக் என்று நினைக்காதீர்கள். பழைய வண்டியில் கரண்டை ஏற்றித் தரும் காயிலுக்குச் சாதாரண ப்ளக்கே ஒத்துப்போகும்.

பட்டறைக்கு வந்து ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைப் பாயிண்ட் எட்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். கேஸில் பொறி தாவுவது கஷ்டம், அதனால் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைக்கிறோம்.

"நானே மாட்டித் தாரேண்ணே. கையால முழுசும் சுத்தி, வாஷர் உக்காந்த பொறவு அரைச் சுத்துதான் ஸ்பானர் போடணும். நீங்க ஏறி நின்னு முறுக்குவீங்க போல, பழசு கழறவே மாட்டேன்னுட்டு."

அவர் ப்ளக் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டு தம்பி. ஆனா அதுக்கு முன்னால நாலையும் எங்கிட்ட குடு. அம்மன் சந்நிதியில வச்சி எடுத்துட்டு வந்துருதேன். நாலு மணிக்கு நடை தொறந்துருவாவ."

இதில் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் புது வண்டிச் சாவி, கடைச் சாவி, பள்ளிக்கூடப் பை எல்லாம் கோமதி அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும். கொடுத்து அனுப்பினேன்.

4. வாழை இலையில் வந்தவை

ஐந்து மணிக்குத் திரும்பினார். பைக்கின் பின்னால் அவர் மனைவி பேச்சியம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் பக்கத்தில் மாலை கட்டி விற்பவர். மடியில் பூக்கூடை, கையில் வாழை இலைப் பொட்டலம்.

"தம்பி, வலது கையால வாங்கிக்கிடுங்க" என்று நீட்டினார்.

பிரித்தேன். நான்கு ப்ளக்கும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வெள்ளைப் பீங்கானிலும் ஒரு பக்கமாக, விரலால் அழுத்தி, அம்மன் கோயில் பிரசாதமான புற்றுமண்ணைக் குழைத்துப் பட்டையாக ஒரு பொட்டு.

சாக்குத் துணியைத் திரும்பிப் பார்த்தேன். காலையில் கழற்றிய நான்கு ப்ளக்கிலும் அதே பக்கத்தில் அதே பட்டை. கேப்பின் சூட்டில் காய்ந்து கறுத்துப் பழுப்பாகியிருந்தது. நான் பார்த்தது ஓடிய ப்ளக்கில் விழுகிற கறை இல்லை.

அதன் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. புற்றுமண் காய்ந்திருக்கும்வரை ஒன்றும் செய்யாது. எங்கள் ஊர் வெயிலில் அது காய்ந்தே இருக்கும், வண்டி தையல் மிஷினாக ஓடும். செங்கோட்டையைத் தாண்டினால் சாரல். பழைய ரப்பர் கேப் தளர்ந்திருக்கிறது. ரோட்டுத் தண்ணீர் தெறித்து உள்ளே போனால் மண் ஈரமாகும். ஈர மண்ணில் கரண்ட் ஓடும். ஏற்றத்தில் கேஸைப் பற்றவைக்கப் போக வேண்டிய கரண்ட், நுனிக்குப் போகாமல் அந்தப் பொட்டின் வழியாக வெளியே தாவி இரும்பில் இறங்கிவிடும். பொறி விழாது. வண்டி இருமும். அவர் ப்ளக் சரியில்லை என்று புதுசு வாங்குவார். அதற்கும் பொட்டு வைப்பார்.

ஆடித்தபசு எங்கள் அம்மன் கோயில் திருவிழா. அதற்கு மறுநாள் மாற்றினேன் என்று அவர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. அன்றிலிருந்துதான் பொட்டு.

கம்ப்ரசருக்குப் பின்னால் அண்ணாச்சியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் பேச்சியம்மாள் அக்காவை ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

"ஏலே, வாயைத் தொறந்துராத. அவன் டீ குடிக்கப் போவாம்லா, அந்நேரம் தொடச்சி மாட்டிரு. வேலை முடிஞ்சிது. அம்மன் காரியத்துல எதுக்குலே வாய் குடுத்துக்கிட்டு?"

எளிய வழிதான். நாளைய நடை அதில் தப்பித்துவிடும். ஆனால் அடுத்த ப்ளக்கை அவர் தன் வீட்டு வாசலில்தான் மாட்டுவார், பொட்டோடு மாட்டுவார். அடுத்த மழைக்கு மறுபடி நிற்பார். அதுமட்டுமில்லை. எனக்கே காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியில் இடுவது அந்த மண்தான். ஆட்டுக்குக் காலில் புண் வந்தாலும் அதுதான். ஒருவர் கும்பிட்டு வைத்ததை அவர் முதுகுக்குப் பின்னால் துடைக்க எனக்குக் கை வரவில்லை.

"சொல்லிருதேன் அண்ணாச்சி."

"சொல்லு. அடி விழுந்தா நான் பாக்கல."

5. பூக்காரியின் தண்ணீர் பாட்டில்

எவ்வளவு பக்குவமாகச் சொன்னேனோ தெரியாது. கோமதி அண்ணன் முகம் சிவந்துவிட்டது.

"அம்மன் மண்ணுனாலதான் என் வண்டி நிக்குங்கியா? படிச்சவம்லா நீ, இப்பிடித்தான் பேசுவே. ஏட்டி, இலையை எடு. நம்ம வீட்டுலயே மாட்டிக்கிடலாம்."

அக்கா இலையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வச்சது நாந்தான். தப்புன்னா காட்டுங்க தம்பி. வாய்ச்சொல்லை நான் எப்பிடி நம்ப?"

நியாயமான கேள்வி. புது ப்ளக்கைத் தொடாமல், காலையில் கழற்றிய பழைய ப்ளக்குகளையே கறையோடு திரும்ப மாட்டினேன். ஸ்டார்ட் செய்து கேஸுக்கு மாற்றினேன். சீராக ஓடியது.

"இப்ப கொஞ்சம் தண்ணி தெளிக்கணும், சாரல் மாதிரி."

பட்டறையில் இருந்தது குழாயும் வாளியும்தான். அக்கா பூக்கூடைக்குள் கையைவிட்டு, மூடியில் துளை போட்ட ஒரு பாட்டிலை எடுத்தார். பூ வாடாமல் இருக்கத் தெளிப்பது.

"இது போதுமா? நானே தெளிக்கேன்."

"கையை மட்டும் கிட்ட கொண்டு போயிராதீங்க அக்கா. ஷாக் அடிக்கும்."

கரண்ட் தாவினால் கண்ணில் பட வேண்டுமென்று அண்ணாச்சி தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். இன்னொரு முனையை என் கையில் திணித்தார். எஞ்சின் மேல் நிழல் விழுந்தது. கோமதி அண்ணன் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். அக்கா பூவுக்குத் தெளிக்கிற மாதிரியே மெல்லத் தெளித்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு டக் என்று ஒரு சத்தம். டக், டக். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. இருமியது. நிழலில், கேப்பின் அடியில், நீலமாக ஒரு கோடு ஓடி மறைந்தது. மறுபடியும் ஓடியது.

"இந்தச் சத்தந்தான்!" என்று அண்ணன் உள்ளேயிருந்து கத்தினார். "ஆரியங்காவுல கேக்குத சத்தம் இதேதான்!"

"எறங்கி வந்து பாரும்வே, ஒம்ம ஆரியங்காவு இங்கன வந்திருக்கு" என்றார் அண்ணாச்சி.

அணைத்து, ஆறவிட்டு, அதே பழைய ப்ளக்குகளைக் கழற்றினேன். அக்காவின் கையில் ஒரு துணியைக் கொடுத்தேன். பீங்கானை அவரே பெட்ரோல் தொட்டுத் துடைத்தார். பால் மாதிரி வெளுக்கும்வரை விடவில்லை. கேப்பின் உள்பக்கத்தை நான் துடைத்தேன். திரும்ப மாட்டினோம். அதே ப்ளக், அதே கேஸ், அதே பாட்டில். தெளித்துப் பாட்டிலே காலியாகிவிட்டது. வண்டி இருமவில்லை.

கோமதி அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அவர் கோபம் போய்விட்டது. ஆனால் அதைவிடக் கனமாக ஏதோ வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

"அப்ப அம்மன் மண்ணு குத்தமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

மண் குற்றமில்லை, இடம்தான் குற்றம் என்று ஆரம்பித்தேன். அது பாடப் புத்தகத்திலிருந்து வாசிப்பது போல இருந்தது. அக்கா குறுக்கே வந்தார்.

"என்ன பேச்சு பேசுதீங்க? புத்துமண்ணை நெத்தியில இடுவோம். கண்ணுக்குள்ளயா போடுவோம்? போட்டா எரியத்தான் செய்யும். அதுக்கு மண்ணு என்ன செய்யும்?" பிறகு ஒரு ப்ளக்கை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்த வெள்ளை எடந்தான் பளிச்சின்னு இருந்துச்சி, நெத்தி மாதிரி. அதான் வச்சேன். இதுக்கு நெத்தி எதுன்னு எனக்கு யாரு சொன்னா? நீங்க சொல்லுங்க."

டிப்ளமாவில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ப்ளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே கரண்ட் வருகிற முனை, அங்கே கூடாது. பீங்கானில் கூடவே கூடாது. கீழே மரை, மண் பட்டால் ஹெட்டில் சிக்கும். நுனியில் பொறி. நடுவில் ஸ்பானர் பிடிக்கும் ஆறு பட்டை இரும்பு. அங்கே மண் இருந்தாலும் கரண்டுக்குக் கவலையில்லை.

"இது அக்கா. இந்த ஆறு பட்டையில ஒண்ணு. கீழ மரையில விழுந்துராம, சின்னதா."

"இதுதானா நெத்தி? மொதல்லயே சொல்லியிருந்தா முடிஞ்சிது."

புது ப்ளக் நான்கையும் அவரே துடைத்தார். கூடையிலிருந்து மண்ணை எடுத்து, ஆறு பட்டையில் ஒன்றில் கடுகளவு வைத்தார். நான் காயும்வரை காத்திருந்து, கையால் சுற்றி, அரைச் சுற்று ஸ்பானர் போட்டேன். கேப் நான்கும் புதுசு போட்டோம்.

தார்ப்பாயை மடித்துக்கொண்டே அண்ணாச்சி என் காதருகே, "அடி விழலயே" என்றார்.

6. ஏற்றத்திலிருந்து ஒரு சத்தம்

மறுநாள் மதியம் பூ ஏற்றிக்கொண்டு வண்டி எங்கள் பட்டறையைத் தாண்டித்தான் போனது. முன் சீட்டில் பேச்சியம்மாள் அக்காவும் இருந்தார். கணவர் ஏற்றுகிற பூவெல்லாம் அந்த ரோட்டில்தான் போகிறது, அக்கா செங்கோட்டையைத் தாண்டிப் போனதில்லையாம். "நான் வச்ச பொட்டு. நானே போயி பாக்கேன்" என்று ஏறிவிட்டதாகக் கோமதி அண்ணன் வண்டியை மெதுவாக்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு ஆட்டோவின் பிரேக் ஷூவை இடம் வலம் மாற்றி மாட்டி, திரும்பக் கழற்றினேன். அண்ணாச்சி பார்த்தார். திட்டவில்லை. அவரும் ஒரே நட்டைத்தான் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பாட்டில் தண்ணீர் வேறு, மலைச் சாரல் வேறு. லோடு இல்லாமல் மிதிப்பது வேறு, பூவோடு ஏற்றம் ஏறுவது வேறு.

போன் வந்தது. கோமதி அண்ணன் நம்பர்.

"அண்ணே?"

"நாந்தான் தம்பி பேசுதேன். அவரு ஓட்டுதாரு."

"எங்க இருக்கீங்க அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? ஒரே மரமா இருக்கு. ஏறுதோம், ஏறுதோம், ஏறிக்கிட்டே இருக்கோம்."

"தூறுதா?"

"தூறுதாவா? மேலயிருந்து கொட்டுது. கண்ணாடிக்கு முன்னால ஒண்ணும் தெரியல. இருங்க, கேளுங்க."

போனை எஞ்சின் பக்கமாக நீட்டியிருப்பார் போல. மழைச் சத்தம் கேட்டது. வைப்பர் அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு அடியில், இரண்டாம் கியரில், ஒரே சீராக எஞ்சின் இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணாச்சி நட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார். ஏற்றம் முடிந்து கியர் மாறுகிறவரை இரண்டு பேரும் போனைவிட்டு நகரவில்லை.

"கேட்டீங்களா?" என்றது அக்காவின் குரல். "அப்பாடா, இப்ப எறங்குது. ஐயோ, இது ஏறுததைவிட பயமால்லா இருக்கு! நான் வைக்கேன் தம்பி."

பூ வாடாமல் இறங்கியது. காதர் பாய் அடுத்த நடையையும் கொடுத்தார், அதற்கடுத்ததையும் கொடுத்தார். ஓணம் முடிகிறவரை டீசல் வண்டிக்காரருக்கு வேலை வரவில்லை. கோமதி அண்ணன் ஒருநாள் புனலூரிலிருந்து நேந்திரம் சிப்ஸ் கொண்டுவந்து, "படிச்சவம்லான்னு சொன்னதை மனசுல வச்சிக்கிடாதல" என்றார். நான் சிப்ஸை வைத்துக்கொண்டேன், மற்றதை வைத்துக்கொள்ளவில்லை.

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ப்ளக்கின் எண்ணைச் சரிபாருங்கள், சூட்டுப் படியைப் பாருங்கள், இடைவெளியை அளந்து பாருங்கள், கையால் சுற்றுங்கள். எல்லாம் வேண்டியதுதான். அதோடு, பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியில் அந்தச் சாமான் யார் யார் கைக்குப் போனது, எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். கேலி இல்லாமல் கேட்டால் சொல்வார்கள். சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இப்போது வேறு டிரைவர்களும் பேச்சியம்மாள் அக்காவிடம் சாமான்களைக் கொண்டுபோகிறார்கள். போன வாரம் ஒருவர், ப்ளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற புது டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பை நீட்டியிருக்கிறார். அக்கா கையை வைக்கவில்லை. "போயி டிப்ளமாட்ட இதுக்கு நெத்தி எதுன்னு கேட்டுட்டு வாங்க" என்று பட்டறைக்கு அனுப்பிவிட்டார். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழுதும் பிளாஸ்டிக். உள்ளே வெளியே எங்கே மண் வைத்தாலும் கரண்ட் தாவும்.

"இதுக்கு நெத்தியே கெடையாதுண்ணே. பொட்டை இது வந்த அட்டைப்பெட்டி மேல வைக்கச் சொல்லுங்க" என்றேன். அக்கா அப்படியே வைத்தார்.